சேற்றுக்கால் வனவர் பதில்கள்

சென்ற இதழில், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் (கடலோரச் சேற்றில் வளரும் மாங்குரோவ் காடு) கம்பெனிப் பணத்தில் நாற்று நடலாமா என்ற கேள்விக்கு, “கம்பெனிப் பணம் வரட்டும், முதலில் வாய்க்காலுக்கு வரட்டும், நாற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி பலரைச் சுட்டிருக்கிறது. ஆசிரியர் ஒரு மஞ்சள் பை நிறையக் கடிதங்களை அனுப்பிவைத்திருக்கிறார். அதனால் தென்னையில் வண்டு, கொல்லையில் குரங்கு, வீட்டுக்குள் வந்த சாரைப்பாம்பு எல்லாவற்றுக்கும் இந்த மாதம் விடுமுறை. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில், ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளன்று முத்துப்பேட்டையில் 10,000 அலையாத்தி நாற்றுகள் நட விரும்புகிறோம். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? ஒரே நாளில் முடித்துவிடலாமா? (நிறுவன அதிகாரி, கும்பகோணம்)

பதில்: முடித்துவிடலாம், அம்மா. ஆட்கள் சுறுசுறுப்பாக இருந்தால் வெயில் ஏறுவதற்குள் முடியும். ஆவணியில் வந்து பார்த்தால் பத்தாயிரம் குச்சிகள் வரிசை மாறாமல் நிற்கும். ஒன்றிலும் இலை இருக்காது.

சாபம் விடவில்லை. நானே நட்டு, நானே பார்த்தது. நான் வனவராக இருந்தபோது ஒரு நிறுவனம் இரண்டு பஸ் நிறைய ஊழியர்களை அழைத்துவந்தது. படகு ஏறிக் கொஞ்ச தூரத்திலேயே ஒரு மொட்டைத் திடல், வெறும் சேறு. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரை திரும்பிவிடலாம் என்பதுதான். எனக்கும் ஒரு தொப்பி கொடுத்தார்கள், போட்டுக்கொண்டேன். அந்தப் படத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். எல்லோரும் போன பிறகு படகோட்டி மெதுவாகக் கேட்டார்: “ஐயா, நடுவதற்கு முன்னால் இந்த மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தீர்களா?” வைத்துப் பார்த்தேன். வேதாரண்யத்து அளத்தில் வாரும் உப்புக்கும் அதற்கும் நிறம்தான் வித்தியாசம்.

அலையாத்தி உப்பில் வளரும் மரம்தானே என்று கேட்பீர்கள். வளரும். உப்புத் தண்ணீரைக் குடித்து உப்பை இலை வழியாகத் துப்பும். வெயில் நேரத்தில் இலையைத் தடவினால் விரலில் பொடி ஒட்டும். ஆனாலும் கடலையே வெகுவாக மிஞ்சிய உவர் என்றால் அதற்கும் தாங்காது. அந்த மண்ணை அப்படி ஆக்கியது யார் என்றால், நான் சம்பளம் வாங்கிய துறைதான். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970கள் வரை கூப்புப் போட்டு, அதாவது காட்டை வெட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியாக மொட்டையடித்து விறகுக்கு விற்றார்கள். நிழல் போனது. வெயில் நேராகச் சேற்றில் விழுந்து, ஈரம் வற்றி, மண் அமுங்கி, திடலின் நடு தாம்பாளம் போலக் குழிந்தது. பெரிய ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) உள்ளே ஏறும் கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் தாம்பாளத்தில் தேங்கும், ஆவியாகும், உப்பு மட்டும் மிஞ்சும். வருடாவருடம் இதே கதை. அந்தத் தாம்பாளத்தில்தான் நாங்கள் தொப்பி போட்டுக்கொண்டு நாற்று நட்டோம்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது, முப்பது வருடம் ஆகப்போகிறது. உங்கள் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் பெயரில் உள்ள ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கரையோர ஊர்களும் சேர்ந்து பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் செய்த வேலை அது. குழிந்த திடலின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால் வெட்டி ஆற்றோடு சேர்ப்பார்கள். அதன் இருபுறமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலேயிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதம் ஏறும்போது புதுத் தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது பழைய உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போகும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, கூலி கேட்காமல். உப்பு இறங்கிய பிறகு வாய்க்கால் ஓரத்தில் நட்டால் பிடிக்கும். பல இடங்களில் நடவே வேண்டியிருக்காது, விதை மிதந்துவந்து தானாக ஊன்றிக்கொள்ளும். பிச்சாவரத்தில் 1986ஆம் ஆண்டு செயற்கைக்கோள் படத்தையும் 2002ஆம் ஆண்டுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியிருந்தது.

ஒரு சங்கடம் உண்டு. நம் கரையில் ஓதம் இடுப்பளவுகூட ஏறாது. அவ்வளவு மெலிந்த ஓதத்துக்கு வண்டலை அடித்துக்கொண்டு போகும் வேகம் கிடையாது. வெட்டிய வாய்க்கால் சில வருடங்களில் தூர்ந்துவிடும். டெல்டாக்காரருக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. தூர்வாராத வாய்க்காலை நம்பி யாராவது நாற்றங்கால் விடுவார்களா?

ஆகவே என் யோசனை. பத்தாயிரம் நாற்று வேண்டாம். மாவட்ட வன அலுவலருக்குக் கடிதம் எழுதி, “தூர்ந்து கிடக்கும் ஒரு வாய்க்காலைச் சொல்லுங்கள், அதைத் தூர்வார இந்த வருடமும் அடுத்த மூன்று வருடங்களும் கூலி கொடுக்கிறோம், வேலையைக் கரையோர ஊர்க்காரர்களுக்கே தரவேண்டும்” என்று கேளுங்கள். “இந்த வருடத்துப் பணத்தை இந்த வருடமே செலவழித்தாக வேண்டும்” என்று உங்கள் கணக்கர் சொல்வார். லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதி 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த காலத்தில் எல்லோரும் அப்படித்தான் மார்ச் மாதம் ஓடிவருவார்கள். 2021இல் விதியைத் திருத்தி, தொடர் திட்டம் என்று இயக்குநர் குழு முடிவு செய்தால், தொடங்கிய வருடத்தைத் தவிர மேலும் மூன்று ஆண்டுகள் வரை நடத்த இடம் கொடுத்துவிட்டார்கள். மிச்சப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடத்தான் வேண்டும் என்றால் ஜூன் மாதத்தை விட்டுவிடுங்கள். அந்த மாதம் திடலில் உவர் உச்சத்தில் இருக்கும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் விதை கிடைக்கும், மண்ணிலும் உப்பு இறங்கியிருக்கும். தொப்பி தேவையில்லை. குடை கொண்டுவாருங்கள்.

கேள்வி: காடு அரசுடையது, பராமரிப்பது அரசின் கடமை. இதில் கம்பெனி, தொண்டு நிறுவனம், ஊர்க்குழு என்று எதற்கு இத்தனை கைகள்? நாளைக்குக் காட்டையே எழுதி வாங்கிக்கொண்டு போய்விட மாட்டார்களா? (ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், திருத்துறைப்பூண்டி)

பதில்: எழுதி வாங்க முடியாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, காப்புக்காட்டில் ஒரு முழ நிலத்தைத் தனியாருக்குக் குத்தகை விடவேண்டுமானாலும் டெல்லிக்குப் போய் நிற்க வேண்டும்.

ஆனால் “இத்தனை கைகள் எதற்கு” என்று கேட்டீர்களே, முத்துப்பேட்டைக் காடு ஒரு கையில் இருந்த காலம் குறைவு. தஞ்சை மராத்திய மன்னர்கள் வைத்த சத்திரங்களின் சொத்தாக அது இருந்திருக்கிறது. வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட சத்திரத்துக்கு அடுப்பெரிந்தது இந்தக் காட்டை நம்பித்தான். 1923 முதல் 1936 வரை காட்டுப் பொருட்களின் வருமானத்தில் பாதி அரசுக் கஜானாவுக்கு, பாதி சத்திரங்களின் பராமரிப்புக்கு. 1937இல்தான் வனத்துறையின் கைக்கு வந்தது. அறக்கட்டளையும் அரசும் அந்தக் காலத்திலேயே காட்டைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன, வெட்டுவதற்குக் கூட்டு வைத்திருந்தார்கள்.

1990களின் நடுவில் தொடங்கிய திட்டத்தில்தான் அது தலைகீழானது. பணத்தின் பெரும்பகுதி இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியிலிருந்து வந்தது. ஆராய்ச்சி நிறுவனம் அளவெடுத்து, உப்பைச் சோதித்து, வாய்க்காலுக்கு வரைபடம் போட்டது. வனத்துறை நிலத்தையும் சட்டத்தையும் கொண்டுவந்தது. ஊர்க்காரர்கள் மண்வெட்டியைக் கொண்டுவந்தார்கள் என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அவர்கள் யோசனையையும் கொண்டுவந்தார்கள். முத்துப்பேட்டை மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டுத் திடலில் வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கிறவர்கள். தண்ணீரோடு உள்ளே ஏறும் மடவையும் கொடுவாயும் இறாலும் வற்றத்தில் வலைக்கு வரும். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்து அங்கே நடந்தபோது கண்ணில் பட்டது இதுதான்: திடல் மொட்டையாகக் கிடக்கும், மீன் வாய்க்காலின் இரண்டு ஓரத்திலும் மட்டும் மரம் பச்சைக் கோடு போட்டது மாதிரி நிற்கும். எனக்குக் கண்ணில் பட்டது, மண்டையில் படவில்லை. “வாய்க்கால் வெட்டிக் காட்டைக் கெடுக்கிறார்கள்” என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் விறகு பொறுக்க வந்த ஓர் அம்மாளின் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டேன். அரிவாளின் விலை அப்போது அவருக்கு இரண்டு நாள் கூலி. சில வருடங்கள் கழித்து ஊர்க்குழு அமைத்தோம், வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று. முதல் கூட்டத்திலேயே அந்த அம்மாள் எழுந்தார். “வாய்க்கால் வெட்டுகிறோம். முதலில் என் அரிவாளை இந்த ஐயா திருப்பிக் கொடுக்கட்டும்” என்றார். அலுவலகத்துச் சாமான் அறையில் துருப்பிடித்துக் கிடந்ததைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கூட்டு மேலாண்மை பற்றி எனக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் படித்தது எதுவும் நினைவில் இல்லை, இது இருக்கிறது.

ஆகவே ஐயா, கைகள் அதிகம் என்பதற்காகப் பயப்படாதீர்கள். எந்தக் கை எதைத் தூக்குகிறது என்று எழுதிவைக்காத கூட்டைப் பார்த்துப் பயப்படுங்கள். நட்டது யார் என்று பலகையில் இருக்கும். மூன்றாம் வருடம் தூர்வார வேண்டியவர் யார் என்று எந்தப் பலகையிலும் இருக்காது.

கேள்வி: அலையாத்தி என்ற பெயருக்கு என்ன பொருள்? மாங்குரோவ் என்று சொல்வதுதானே நாகரிகம்? (கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்)

பதில்: அலையை ஆற்றுவது அலையாத்தி. சூடான பாலை ஆற்றுகிறோமே, அந்த ஆற்றுதல். கண்டல் என்றும் சொல்வார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு மரத்தால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் நாகரிகமெல்லாம் மறந்துபோகும், ஜாக்கிரதை.

கேள்வி: அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் என் மகன் வேலை பார்க்கிறான். அங்கே காட்டைக் காப்பாற்றுவதற்காகக் காட்டுக்குத் தீ வைக்கிறார்கள், அதற்கு மின்சாரக் கம்பெனி பணம் தருகிறது என்கிறான். கிண்டல் செய்கிறானா? (இல்லத்தரசி, பட்டுக்கோட்டை)

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மகனை நம்பலாம். அங்கே லாங்லீஃப் பைன் என்று நீள ஊசியிலை மரக்காடு ஒன்று உண்டு. வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் வரை ஒரு காலத்தில் 9 கோடி ஏக்கர் இருந்தது. மரத்துக்காகவும் பிசினுக்காகவும் வெட்டி, மிஞ்சிய இடத்தில் வேறு பைன் போட்டு, இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் நூற்றுக்கு ஐந்து பங்குகூட மிச்சமில்லாமல் செய்துவிட்டார்கள். அந்தக் காட்டுக்கு நெருப்பு நம் வயலுக்குத் தண்ணீர் மாதிரி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை தரையோடு தரையாகச் சின்னத் தீ ஓடினால்தான் மற்ற புதர்கள் மண்டாது. கன்று முதல் சில வருடங்கள் புல்லுக்கட்டு மாதிரி தரையிலேயே இருந்து வேரை இறக்கிக்கொண்டு, தீயைச் சமாளித்துவிட்டுத்தான் மேலே கிளம்பும்.

2009இல் அரசுத் துறைகள், ராணுவம், தொண்டு நிறுவனங்கள், நில உடைமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து, மிஞ்சியிருந்த 34 லட்சம் ஏக்கரை 2025க்குள் 80 லட்சம் ஆக்குவது என்று திட்டம் போட்டார்கள். ராணுவம் எதற்கு என்று கேட்காதீர்கள், நல்ல பைன் காடு சில அவர்களுடைய பயிற்சி முகாம்களுக்குள்தான் தப்பிப் பிழைத்திருந்தது. குண்டு விழுந்து அடிக்கடி தீப்பிடித்தது காட்டுக்கு நல்லதாகப் போயிற்று! சதர்ன் கம்பெனி என்ற மின்சார நிறுவனம் பணம் கொடுத்தவர்களில் ஒன்று. உங்கள் மகன் வீட்டு மின்கட்டணமும் அவர்களுக்கே போகிறதோ என்னவோ. இலக்கு இன்னும் எட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எனக்கு அங்கே பிடித்த விஷயம் வேறு. அந்தக் காட்டில் ஒரு மரங்கொத்தி இருக்கிறது. ஆண் பறவைக்குத் தலையோரம் கண்ணுக்கே தெரியாத ஒரு சிவப்புக் கீற்று. உயிருள்ள வயதான பைனில்தான் அது பொந்து குடையும். அழிந்துபோகும் பறவை என்று சட்டம் அதைப் பாதுகாத்தது. விளைவு என்ன தெரியுமா? பறவை வந்தால் நிலத்தில் கை வைக்க முடியாது என்று பயந்து, மரம் முதிர்வதற்கு முன்பே வெட்டினார்கள் சொந்தக்காரர்கள். 1995இல் வட கரோலினாவில் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தார்கள்: இன்றைக்கு உன் நிலத்தில் எத்தனை பறவைக்கு இடம் இருக்கிறதோ அதைக் குறைக்காதே, உன் முயற்சியால் அதற்கு மேல் எத்தனை வந்தாலும் அதற்காக உனக்குப் புதுத் தடை வராது. பயம் போனது. மரத்தை நிற்கவிட்டார்கள். இது எதற்கு என்று அடுத்த கடிதத்தைப் படித்தால் புரியும்.

கேள்வி: உப்பாற்றை ஒட்டி எனக்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம். இறால் குளம் போட்டு, நோய் வந்து, கைவிட்டு ஒன்பது வருடம் ஆகிறது. கரையோரம் தானாக அலையாத்திக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. வளரவிட்டால் வனத்துறை நிலத்தை எடுத்துக்கொள்ளும், இப்போதே பிடுங்கிவிடு என்கிறான் தம்பி. என்ன செய்ய? (வேதாரண்யம் வட்டம்)

பதில்: வட கரோலினாவுக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே உள்ள தூரம் உங்கள் தம்பி அளவுதான், பார்த்தீர்களா.

முதலில் பயத்தைப் பார்ப்போம். பட்டா நிலத்தில் மரம் முளைத்தது என்பதற்காக நிலம் யாருக்கும் மாறாது. அலையாத்தி 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் காலியாக விடவேண்டும் என்று கடலோர ஒழுங்குமுறை விதி சொல்கிறதே, 2019 அறிவிக்கையின்படி அந்த 50 மீட்டர் தனியார் நிலத்து அலையாத்திக்குப் பொருந்தாது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. காடு அடர்ந்த பிறகு, அதை அழித்துவிட்டு மறுபடி குளமோ கட்டடமோ போடலாம் என்ற நினைப்பு வேண்டாம். வளர்ந்த அலையாத்தி மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வரும். ஆகவே இந்த மூன்று ஏக்கரைப் பிள்ளை படிப்புக்கு விற்கும் திட்டம் இருந்தால் இப்போதே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். அமெரிக்காக்காரர் எழுதிக் கொடுத்த மாதிரி ஓர் உறுதிமொழி நம் சொந்தக்காரர்களுக்கும் கிடைத்தால் எத்தனையோ பாழ் குளம் பச்சையாகும். கேட்பதற்கு ஆள் இல்லை.

இறால் வரலாறும் உங்களுக்குத் தெரியும். நம் நாகை, திருவாரூர்ப் பக்கத்தில் வயலெல்லாம் குளமாகி, குடிதண்ணீர்க் கிணறு உவர்ந்தபோது காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் ஊர் ஊராக நடந்தார்கள். ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும், ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்த பிறகும் குளங்கள் இருக்கின்றன. கைவிட்ட குளங்கள் அதைவிட அதிகமாகக் கண்ணில் படுகின்றன. மொட்டைத் திடலுக்கு வந்த நோய்தான் அவற்றுக்கும்: தண்ணீர் உள்ளேயே நின்று உப்பாகிறது.

நடுவழி ஒன்று இருக்கிறது. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் முயன்று பார்த்த முறை. குளத்தின் ஆற்றுப்பக்கக் கரையை உடைத்து, ஓதம் தானாக வந்துபோக வழிவிட வேண்டும். கரைகளிலும் நடுவே விட்ட மண் திட்டுகளிலும் அலையாத்தி. மிச்சத் தண்ணீரில் நண்டோ கொடுவாயோ. பம்பு செட்டும் மூட்டை மூட்டையாகத் தீவனமும் இல்லாமல் நடக்கும். இறாலில் வந்த மாதிரி லட்சம் வராது, இறாலில் போன மாதிரி லட்சம் போகவும் போகாது. ஏதாவது நிறுவனமோ துறையோ உதவ வந்தால் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: கரையை உடைக்கும் செலவு யாருடையது, நண்டு யாருடையது, அவர்கள் பாதியில் போய்விட்டால் குளம் எந்த நிலையில் உங்கள் கைக்கு வரும். கன்றைப் பிடுங்க வேண்டாம் என்று தம்பியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவர் கடிதம் எழுதினால் அடுத்த மாதம் சண்டையைத் தொடரலாம்.

கேள்வி: எங்கள் ஊர்க்குழுவிடம் கார்பன் கம்பெனி என்று இருவர் வந்து, காடு உறிஞ்சும் கரிக்குப் பணம் தருவோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். 40 பக்கம், ஆங்கிலம். போடலாமா? (திருவாரூர் மாவட்டம்)

பதில்: படிக்க முடியாத காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்பதற்கு வனவர் எதற்கு, உங்கள் பாட்டியே போதும். தமிழில் கேளுங்கள்.

கரி விஷயம் பொய்யில்லை. அலையாத்திக் காடு மரத்தில் சேர்ப்பதைவிடக் காலடிச் சேற்றில்தான் அதிகம் புதைத்துவைக்கிறது. காற்றுப் புகாத சேறு, சீக்கிரம் மக்காது. ஆனால் அதை அளந்து, சான்று வாங்கி, விற்றுப் பணம் வர வருடங்கள் ஆகும், ஒப்பந்தமோ பல பத்தாண்டுக்கு இழுக்கும். காப்புக்காடு அரசுடையது. அதன் கரியை ஊர்க்குழு தன்னிச்சையாக விற்க முடியாது, ஊர்க்குழுவை ஓரம்கட்டி வேறு யாரும் விற்பதும் நியாயமில்லை. மாவட்ட வன அலுவலர் முன்னிலையில் பேசச் சொல்லுங்கள். வந்தவர்கள் வருகிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: எல்லாம் சரி ஐயா. வாய்க்கால் வெட்டுகிறீர்கள், கூட்டம் போடுகிறீர்கள். ஆற்றிலே தண்ணீர் எங்கே? என் அப்பா காலத்தில் இந்தக் காட்டில் நாலைந்து சாதி மரம் பார்த்திருக்கிறேன். இப்போது திரும்பிய பக்கமெல்லாம் ஒரே சாதிதான். கஜாவில் அதுவும் முறிந்தது. (மீனவர், அதிராம்பட்டினம்)

பதில்: பையிலிருந்த கடிதங்களில் என்னை உட்காரவைத்தது இதுதான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையேறியபோது நான் திருத்துறைப்பூண்டியில் ஓட்டு வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் இருந்தேன். பத்து நாள் கழித்துப் படகில் போனால், தீ வைத்தது மாதிரி காடு பழுப்பாக நின்றது. இலையே இல்லை. எவ்வளவோ மரம் முறிந்தும் சாய்ந்தும் கிடந்தது. ஆனாலும் தண்ணீர் ஓட்டம் இருந்த வாய்க்கால் ஓரங்களில் அடுத்த மழைக்குள் துளிர் வந்தது. தேங்கிய இடங்களில் பட்டது பட்டதுதான்.

புயலைவிடப் பெரிய சங்கதி நீங்கள் சொன்ன தண்ணீர். பாமணியாறு, கோரையாறு இவையெல்லாம் காவிரி கடைசியாக விரிக்கும் விரல்கள். அந்த நல்ல தண்ணீர் வந்து கடல்நீரோடு கலந்தால்தான் பல சாதி மரத்துக்கு வாழ்க்கை. வரத்துக் குறையக் குறைய, உவரை எல்லாவற்றிலும் அதிகம் தாங்குகிற வெண்கண்டல் ஒன்று மட்டும் ஜெயித்துக்கொண்டே போகிறது. சுரபுன்னை வேரூன்றிச் செழித்து நிற்பதைப் பார்க்க நாம் பிச்சாவரம் போகவேண்டியிருக்கிறது. முகத்துவாரம் மணல் மூடுவதற்கும் ஆற்றுக்கு வேகம் இல்லாததுதான் பாதிக் காரணம்.

ஊர்க்குழு, வனத்துறை, ஆராய்ச்சி நிறுவனம், நிதி கொடுத்தவர்கள் என்று எத்தனையோ கூட்டங்களில் தேநீர் குடித்திருக்கிறேன். ஆற்றைத் திறந்து மூடுகிறவர்களுக்கும் மேலே பாசனம் செய்கிறவர்களுக்கும் நாங்கள் ஒரு நாற்காலி போட்டதே இல்லை. வனத்துறைக்காரனான எனக்கு அது தோன்றாமல் போனதற்கு ஒரு காரணமும் உண்டு. கடைமடையில் எனக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் திறந்தால், தண்ணீர் எங்கள் மதகுக்கு வந்து சேரும் நாளை விரல்விட்டு எண்ணுகிறவன் நான். வந்ததும் மடையைத் திறந்து கடைசிச் சொட்டுவரை வயலுக்குள் தள்ளுகிறவனும் நான்தான். எங்கள் வயலிலிருந்து வடிந்து காட்டுக்குப் போவதில் யூரியாவும் பூச்சிமருந்தும் சேர்ந்திருக்கும். காலையில் தூர்வாரும் கூட்டத்தில் பேசிவிட்டுச் சாயங்காலம் மடையில் நின்று பக்கத்து வயல்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கேட்க வேண்டிய இடம் மட்டும் தெரியும். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மீனவர்களும் போய் உட்காருங்கள். குறுவைக்கு எத்தனை முறை, சம்பாவுக்கு எத்தனை முறை என்று கணக்குப் பேசும்போது, “முகத்துவாரத்துக்கு எத்தனை நாள்?” என்று எழுந்து கேளுங்கள். எங்கள் ஆட்கள் கோபப்படுவார்கள். நான் அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பேன், கோபப்பட மாட்டேன் என்று இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: குழந்தைகளோடு அலையாத்திக் காட்டைப் பார்க்க எப்போது வரலாம்? (மயிலாடுதுறை)

பதில்: மார்கழி, தை நல்லது. வெயில் தணிந்திருக்கும், வலசைப் பறவைகள் இருக்கும். வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வாருங்கள், தனிப் படகை அமர்த்திக்கொண்டு உள்ளே போகாதீர்கள். சேற்றில் இறங்க ஆசைப்பட்டால் செருப்பைப் படகிலேயே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் சேறு வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. என்னுடையது ஏழு ஜோடி அங்கே இருக்கிறது. மூச்சுவேர்கள் ஆணி அடித்த பலகை மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் மிதிக்க வேண்டாம். அவற்றுக்கும் வலிக்கும், உங்களுக்கும் வலிக்கும்.